முப்பது கிலோமீட்டர் நிதி திரட்டும் நடைக்குத் தயாராகும் முறை

கொங்கு நாட்டில் நெடுந்தூரம் நடப்பது யாருக்கும் புதிதன்று. தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் கோவை, ஈரோடு, சேலம் பக்கங்களிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் இரவும் பகலும் சாலையோரம் நடந்துகொண்டேயிருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதனால், நகருக்குள் ஒரே நாளில் முப்பது கிலோமீட்டர் நடந்து மருத்துவ உதவிக்கோ கல்வி உதவிக்கோ நிதி திரட்டும் நிகழ்ச்சி ஒன்று அறிவிக்கப்பட்டால், பழனிக்கே நடந்த கால்களுக்கு இது எம்மாத்திரம் என்ற எண்ணம் எழுவது இயல்புதான். அந்தத் தன்னம்பிக்கை நல்லது. ஆனால் அது பயிற்சிக்கு ஈடாகாது. பாதயாத்திரையில் கால் நொந்தால் வழியிலுள்ள பந்தலில் படுத்துறங்கிவிட்டு மறுநாள் தொடரலாம். நகர நடையிலோ ஒரே மூச்சில் ஏழெட்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டியிருக்கிறது. தரை முழுவதும் தாரும் கான்கிரீட்டும் நடைபாதைக் கற்களுமாக இருக்கிறது. நீங்கள் நடந்து முடிப்பீர்கள் என்று நம்பிப் பிறர் பணம் கொடுத்திருக்கிறார்கள். இவற்றையெல்லாம் கருதினால், தயாரிப்புக்கு ஒரே விதியைத்தான் முதன்மையாகச் சொல்ல முடியும்: நடைநாளன்று உங்கள் காலுக்கும் வயிற்றுக்கும் புதிதாக எதுவும் நேரக் கூடாது. காலணி, காலுறை, உணவு, தரை, வெயில் ஆகிய அனைத்தையும் அதற்கு முன்பே, அதே நகரத்தின் தெருக்களில் பழகியிருக்க வேண்டும்.

காலமும் பன்னிரண்டு வாரங்களும்

நாளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்கள் குழுவுக்கு இருந்தால் டிசம்பர் பிற்பாதி முதல் பிப்ரவரி தொடக்கம் வரையிலான காலத்தையே பரிந்துரைப்பேன். அக்டோபரிலும் நவம்பரிலும் வடகிழக்குப் பருவமழை காலுறைகளை நனைத்துவிடும். மார்ச் பிறந்துவிட்டால் கோவையே சுடத் தொடங்கும், ஈரோடு, கரூர், சேலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று வெப்பத்தைத் தணிக்கும் என்றாலும், மேற்கு நோக்கி நடக்கும்போது அது முகத்திலேயே மோதி உழைப்பைக் கூட்டும். வியர்வையையும் அது உடனுக்குடன் உலர்த்திவிடுவதால், உடல் எவ்வளவு நீரை இழக்கிறது என்பது நடப்பவருக்கே தெரியாமல் போகும்.

நாள்தோறும் நான்கைந்து கிலோமீட்டர் நடக்கும் பழக்கமுள்ள ஒருவருக்கு முப்பது கிலோமீட்டருக்குத் தயாராகப் பன்னிரண்டு வாரங்கள் போதும். அந்தப் பழக்கமும் இல்லாதவர் அதற்கு முன் இன்னும் நான்கு வாரங்களை ஒதுக்கி, தினமும் அரை மணி நேரம் நடப்பதிலிருந்து தொடங்க வேண்டும். வாரத்தில் நான்கு நாட்கள் ஐந்து முதல் ஏழு கிலோமீட்டர் வரை இயல்பான வேகத்தில் நடப்பது, ஞாயிற்றுக்கிழமை ஒரு நெடுநடை, மீதி இரண்டு நாட்கள் ஓய்வு என்ற அமைப்பு வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஒத்துவரும். முதல் மூன்று ஞாயிறுகளில் எட்டு, பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் என்று கூட்டிக்கொண்டு போய், நான்காவது ஞாயிறு ஒன்பதாகக் குறைத்துக்கொள்ளலாம். பிறகு பதினான்கு, பதினாறு, பதினெட்டு என்று ஏறி, எட்டாவது வாரம் மீண்டும் பதின்மூன்றுக்கு இறங்கலாம். ஒன்பதாவது வாரம் இருபது, பத்தாவது வாரம் இருபத்து நான்கு, பதினோராவது வாரம் பதினான்கு, அதற்கடுத்த ஞாயிறு நிகழ்ச்சி. இடையிடையே தூரத்தைக் குறைப்பதைச் சோம்பல் என்று எண்ணி விட்டுவிடுகிறவர்கள் உண்டு. தசை சில வாரங்களில் வலுப்பெற்றுவிடும். தசைநாணும் எலும்பும் அதைவிட மெதுவாகத்தான் பழகும். குதிகால் வலியும் முன்னங்கால் எலும்பு வலியும் பெரும்பாலும் அந்தக் குறைப்பு வாரங்களைத் தாண்டிக் குதித்தவர்களுக்கே வருகின்றன.

முழு முப்பதையும் பயிற்சியிலேயே நடந்து பார்க்க வேண்டியதில்லை. இருபத்து நான்கு கிலோமீட்டரைச் சிரமமில்லாமல் முடித்தவர் நிகழ்ச்சி நாளில் மீதி ஆறையும் முடித்துவிடுவார். கடைசி இரண்டு வாரங்களில் விட்டதைப் பிடிக்க முயல்வது தீங்குதான் செய்யும்.

வேகத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். மணிக்கு ஐந்து கிலோமீட்டர் என்பது நல்ல வேகம். ஓய்வையும் சிக்னல்களில் நிற்பதையும் சேர்த்தால் அது நான்கு அல்லது நாலேகாலாகக் குறையும். ஆகவே காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் முடிக்கும்போது பன்னிரண்டைத் தாண்டியிருக்கும் என்பதையும், கடைசி மூன்று மணி நேரம் வெயிலில்தான் கழியும் என்பதையும் முன்பே கணக்கில் கொள்ள வேண்டும். அதற்காகவே நெடுநடைப் பயிற்சிகளில் இரண்டையாவது வேண்டுமென்றே தாமதமாகத் தொடங்கி, பதினொரு மணி வெயிலில் முடிப்பது நல்லது.

எங்கே பழகுவது

கோவையில் நடைப்பயிற்சி என்றதும் ரேஸ்கோர்ஸ்தான் நினைவுக்கு வரும். ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் சுற்று, மரநிழல், நல்ல நடைபாதை, கழிப்பறை, கூட வரும் மனிதர்கள் என்று வார நாட்களுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நெடுநடையையும் அங்கேயே பத்துச் சுற்றுகளாக முடித்துவிடுவது சரியான தயாரிப்பு ஆகாது. நகர நடையில் கால்களைச் சோர்வடையச் செய்வது தூரம் மட்டுமல்ல. நடைபாதையிலிருந்து இறங்கி ஏறுவது, பெயர்ந்த கல்லைத் தவிர்த்து எட்டு வைப்பது, சிக்னலில் நின்று உடல் குளிர்ந்தபின் மீண்டும் தொடங்குவது, பேருந்து நிறுத்தக் கூட்டத்துக்குள் வேகத்தைக் குறைப்பது ஆகிய சிறு இடையூறுகள் ஆயிரம் முறை நேரும்போது இடுப்பும் கணுக்காலும் தளர்ந்துவிடும். அவற்றைப் பழக வேண்டுமானால் ரேஸ்கோர்ஸிலிருந்து சுங்கம் வழியாக வாலாங்குளக் கரை, உக்கடம் பெரியகுளக் கரை, அங்கிருந்து பேரூர் சாலை, பட்டீஸ்வரர் கோயில் என்று போய்த் திரும்பலாம். காந்திபுரத்திலிருந்து திருச்சி சாலை வழியாகச் சூலூர் வரை ஒருவழியாக நடந்துவிட்டு நகரப் பேருந்தில் திரும்புவதும் நல்ல வழி. பாதி வழியில் முடியாமல் போனாலும் பேருந்து இருக்கிறது. தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் பயிற்சிக்கு ஆகும் செலவும் குறையும்.

ஈரோட்டில் இருப்பவர்களுக்குக் காலிங்கராயன் வாய்க்கால் கரை கிடைத்திருக்கிறது. திருப்பூர்க்காரர்கள், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2024இல் சேர்ந்த நஞ்சராயன் குளத்துப் பக்கம் போகலாம். மண் தரை மூட்டுகளுக்கு இதமானது. ஆயினும் வாரம் ஒருமுறைக்கு மேல் அங்கே பழகினால், தார்ச்சாலையில் இறங்கும் நாளில் உள்ளங்கால் எரியும். மேம்பாலங்கள் உள்ள தடமாக இருந்தால் ஏற்ற இறக்கப் பயிற்சியும் தேவை. மருதமலைப் படிகள், சென்னிமலைப் படிகள், திருச்செங்கோட்டுப் படிகள் என்று இந்த வட்டாரத்தில் அதற்குக் குறைவே இல்லை. ஏறுவது மூச்சைப் பழக்கும். தொடை முன்தசையைப் பழக்குவது இறங்குவதுதான். ஆகவே ஏறிவிட்டு வண்டியில் இறங்காமல், படிகளிலேயே மெதுவாக இறங்குங்கள்.

சாலையோரம் நடக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். மழைநீர் வடிவதற்காகச் சாலைகளை நடுவில் உயர்த்தி ஓரங்களில் சரித்துத்தான் போடுகிறார்கள். ஒரே ஓரத்தில் பல கிலோமீட்டர் நடந்தால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் விழுந்து, அந்தப் பக்கத்து இடுப்பும் முழங்காலின் வெளிப்புறமும் வலிக்கும். நடைபாதை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லாத இடத்தில் எதிரே வரும் வண்டிகள் கண்ணுக்குத் தெரியும்படி சாலையின் வலப்புறம் நடப்பதே பாதுகாப்பு. ஒருபக்கச் சரிவினால் வரும் வலியைக் குறைக்க, நடைபாதை உள்ள தெருக்களையும் குளக்கரைகளையும் இடையிடையே சேர்த்து வழியை அமைத்துக்கொள்ளலாம்.

விடிவதற்கு முன் தனியாகப் பழகப் போகாதீர்கள். ஜனவரியில் கோவையில் ஆறரை மணிக்குப் பிறகுதான் சூரியன் எழுகிறது. ஒளி பட்டால் மின்னும் பட்டையை உடையில் ஒட்டிக்கொள்வதும், காதில் ஒலிப்பான் இல்லாமல் நடப்பதும், நாய்கள் கூடும் தெருமுனைகளை இருவர் மூவராகக் கடப்பதும் கட்டாயம்.

பாதங்கள்

முப்பது கிலோமீட்டர் என்பது ஏறக்குறைய நாற்பதாயிரம் எட்டுகள். மூச்சு முட்டி நடையைக் கைவிடுகிறவர்களைவிடக் கொப்புளத்தால் கைவிடுகிறவர்களே அதிகம் என்பது என் எண்ணம். ஆகவே இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள்.

நீண்ட நேரம் நடந்தால் பாதம் வீங்கும். ஆதலால் காலணியை மாலை நேரத்தில், நடக்கும்போது அணியப்போகும் காலுறையோடு போய் வாங்க வேண்டும். நின்ற நிலையில் மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். குதிகால் மட்டும் நழுவாமல் பிடித்திருக்க வேண்டும். விலையுயர்ந்த காலணிதான் நல்லது என்பதில்லை. ஓடுவதற்கான சாதாரணக் காலணி நகர நடைக்குப் போதும். அதை நிகழ்ச்சிக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன் வாங்கி, இரண்டு மூன்று நெடுநடைகளிலாவது அணிந்திருக்க வேண்டும். ரப்பர் செருப்பில் பழனிக்கே போனவர்கள் இருக்கிறார்கள். ஆனால் செருப்பு நழுவாமலிருக்க விரல்கள் ஒவ்வோர் எட்டுக்கும் அதைக் கவ்விப் பிடிக்கின்றன. கடினத் தரையில் அது உள்ளங்கால் வளைவையும் முன்னங்காலையும் களைப்படையச் செய்யும். வேண்டுதலாக வெறுங்காலில் நடப்பது வேறு. நண்பகல் தார்ச்சாலையில் வெறுங்கால் தீப்புண்ணாகிவிடும்.

கொப்புளத்துக்கு மூன்று காரணங்கள் ஒன்றுசேர வேண்டும்: உராய்வு, ஈரம், சூடு. முழுப் பருத்திக் காலுறை வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு ஈரத்தை நாள் முழுவதும் தோலோடு ஒட்டவைக்கிறது. செயற்கை இழை கலந்த விளையாட்டுக் காலுறை அதை வெளியே கடத்தும். மாற்றுக் காலுறை ஒன்றைப் பையில் வைத்திருந்து, பாதித் தூரத்தில் கால்களைத் துடைத்து உலர்த்தி மாற்றிக்கொள்வது அவ்வளவு ஆறுதல் தரும். அந்தப் பத்து நிமிடத்தை வீண் என்று நினைக்காதீர்கள். விரலிடுக்குகளிலும் குதிகாலின் பின்புறத்திலும் கிளம்பும் முன் மெல்லிய பூச்சாக வாசலைன் தடவலாம். நகங்களை நான்கைந்து நாட்களுக்கு முன்பே நேராக வெட்டிவிட வேண்டும். முதல் நாள் இரவு வெட்டினால் கூர்முனை பக்கத்து விரலைக் கிழிக்கும்.

கொப்புளம் வருவதற்கு முன் அந்த இடம் சுருக்கென்று சூடாகும். அந்தக் கணத்திலேயே, குழு முன்னே போய்விட்டாலும் பரவாயில்லை என்று, ஓரமாக உட்கார்ந்து காலணியைக் கழற்றிப் பாருங்கள். சிவந்த இடத்தைத் துடைத்து, மருந்துக் கடைகளில் கிடைக்கும் ஒட்டுப்பட்டையைச் சுருக்கமில்லாமல், மூலைகளை வட்டமாக வெட்டி ஒட்டிவிட்டால் பெரும்பாலும் அத்தோடு நின்றுவிடும். கொப்புளமே எழும்பிவிட்டால், அது சிறியதாக இருக்கும்வரை உடைக்காமல் மூடிவிடுவது நல்லது. பெரிதாகி நடக்கவே முடியாமல் போனால், முதலுதவி நிலையத்தில் தூய்மையான ஊசியால் ஓரத்தில் துளையிட்டு நீரை வடிய விடுவார்கள். மேல்தோலை உரித்துவிடக் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் எந்தக் கொப்புளத்தையும் தாங்களே தொடக் கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம் என்பதால் அவர்கள் ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ள வேண்டும்; பயிற்சி தொடங்குமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். இதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் அதுவே பொருந்தும்.

உடையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பனியனுக்குப் பெயர்போன திருப்பூர் பக்கத்திலேயே இருப்பதால், எடை குறைந்த, விரைவில் உலரும் சட்டை மலிவாகக் கிடைக்கும். நிகழ்ச்சியில் தரும் டி-சர்ட்டை முதல் நாளே வாங்கி, ஒருமுறை துவைத்து, அணிந்து நடந்து பாருங்கள். தொடையிடுக்கு, அக்குள், உள்ளாடையின் தையல் ஓரம் ஆகிய இடங்களில் தேங்காய் எண்ணெயோ வாசலைனோ தடவாமல் கிளம்பினால் பதினைந்தாவது கிலோமீட்டரில் தோல் உரிந்துவிடும். தொப்பி அவசியம்.

தண்ணீரும் உணவும்

தாகத்துக்கு ஏற்பக் குடிப்பதே சிறந்தது. குளிர்காலக் காலையில் மணிக்கு அரை லிட்டர் அளவு பெரும்பாலோருக்குப் போதும், வெயில் ஏறியதும் கூடுதலாகத் தேவைப்படும். வெறும் தண்ணீரையே மணிக்கணக்கில் அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்தானது. இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து தலைவலி, குமட்டல், மயக்கம் என்று போய்விடும். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு உப்புச் சேர்ந்த ஏதேனும் ஒன்று வேண்டும். உப்பிட்ட மோர், எலுமிச்சைச் சாறு, இளநீரோடு ஒரு பிடி உப்பிட்ட கடலை என்று நம் ஊர் வழக்கமே இதற்குப் போதும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கரைப்பதானால் பொட்டலத்தில் எழுதியுள்ள அளவு தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். பாதி கரைத்துப் பாதி வைத்துக்கொள்ளக் கூடாது. ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைத் தாங்கிய இனிப்புப் பானங்கள் அப்பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டிருப்பதையும் மனத்தில் வைத்து, மருந்துக் கடையில் உண்மையான பொட்டலத்தையே கேட்டு வாங்குங்கள்.

பெண்கள் பலர் வழியில் கழிப்பறை கிடைக்காது என்று அஞ்சித் தண்ணீரையே தவிர்க்கிறார்கள். அது நீர்க்கடுப்பிலும் மயக்கத்திலும் கொண்டுபோய் விடும். நிகழ்ச்சியை நடத்துகிறவர்களிடம் எந்தெந்த இடத்தில் கழிப்பறை இருக்கிறது என்று முன்பே கேட்பது உங்கள் உரிமை; தெளிவான பதில் வராவிட்டால் தடத்தில் உள்ள பேருந்து நிலையங்கள், பெட்ரோல் பங்குகள் ஆகியவற்றைப் பயிற்சி நடையின்போதே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நடத்துகிறவர்களும் ஐந்து கிலோமீட்டருக்கு ஒன்றையாவது உறுதி செய்யாமல் அறிவிப்பு வெளியிடக் கூடாது.

முதல் நாள் இரவு அரிசியும் பருப்பும் சாதம் போன்ற பழகிய, எளிதில் செரிக்கும் உணவு போதும். பிரியாணியை நடை முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம். கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன் மூன்று இட்லியோ, இடியாப்பம் போன்ற சந்தகையோ சாப்பிட்டு, வழியில் முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை கடலை மிட்டாய், பேரீச்சை, வாழைப்பழம் என்று சிறிது சிறிதாக உண்டால் உடல் தளராது. தெருவுக்குத் தெரு பேக்கரி இருக்கும் ஊர் கோவை. தேநீருக்காகப் பத்து நிமிடம் உட்காரலாம். எண்ணெயும் மைதாவும் நிறைந்த பப்ஸ் மட்டும் வேண்டாம். கால் மணிக்கு மேல் உட்கார்ந்தால் தசை இறுகிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வலி மாத்திரையை விழுங்கிவிட்டு நடப்பதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். ஐபுபுரூஃபன், டைக்ளோபினாக் போன்றவை உடலில் நீர் குறைந்த நேரத்தில் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை; வலியை மறைப்பதால் காயமும் ஆழமாகும். நெஞ்சுவலி, தலைசுற்றல், பேச்சுக் குழறல், வெயிலில் திடீரென்று உளறுதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் நடையை நிறுத்தி, நிழலுக்குக் கொண்டுபோய், உடனே 108க்கு அழைக்க வேண்டும்; வெயிலில் உளறுகிறவருக்கு உதவி வரும்வரை உடலில் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும்.

பணம் கேட்பதும் கணக்கு வைப்பதும்

நடைப்பயிற்சி தொடங்கும் வாரத்திலேயே நிதி கேட்கவும் தொடங்குங்கள். கொங்கு வட்டாரத்துக்கு இது பழகிய வழிதான். 2013இல் தொடங்கிய கோவை மாரத்தான், புற்றுநோய்ப் பணிகளுக்காக இயங்கும் கோயம்புத்தூர் கேன்சர் பவுண்டேஷன் நடத்துவது. எந்த அறக்கட்டளைக்கு நடக்கிறீர்களோ, அதன் பதிவு, ஆண்டுக் கணக்கு ஆகியவற்றை முதலில் நீங்களே பார்த்து நிறைவடைந்திருக்க வேண்டும். உறவினருக்கு அனுப்பும் செய்தியில் எவ்வளவு தூரம், எந்த நாள், பணம் எதற்குப் போகிறது என்ற மூன்றையும் நான்கு வரிகளில் எழுதுங்கள். பணத்தை உங்கள் கணக்கில் வாங்காமல், அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கோ யு.பி.ஐ. முகவரிக்கோ நேரே அனுப்பச் சொல்வதே முறை. 80ஜி என்று எல்லோரும் அறிந்த வருமான வரிச் சலுகை 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்குக் கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கும் கிடையாது. இதை முன்பே சொல்லிவிட்டால் பின்னால் மனக்கசப்பு வராது. யாராவது பெரியவர் கையில் ரொக்கமாகத்தான் தருவேன் என்றால், மறுக்காமல் வாங்கி, மொய் நோட்டு எழுதுவதைப் போலப் பெயர், ஊர், தொகை மூன்றையும் அப்போதே எழுதி, அன்றைக்கே செலுத்தி ரசீது கொண்டுபோய்க் கொடுங்கள்.

குழுவாக நீங்களே நடை ஒன்றை ஏற்பாடு செய்வதானால் காவல்துறை அனுமதி வேண்டும். கோவை, திருப்பூர், சேலம் மாநகரங்களில் காவல் ஆணையர் அலுவலகத்திலும், ஈரோடு போன்ற இடங்களில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்திலும், தடத்தின் வரைபடத்தோடு சில வாரங்களுக்கு முன்பே மனுக் கொடுக்க வேண்டும்.

நடைநாளும் அதற்குப் பின்னும்

முதல் ஐந்து கிலோமீட்டரில் கூட்டத்தின் உற்சாகம் உங்களை இழுத்துக்கொண்டு போகும்; வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து நடங்கள். பச்சை விளக்கு அணையப் போகிறது என்று ஓடிக் கடக்க வேண்டாம். சிக்னலில் நிற்கும் நேரத்தில் கெண்டைக்காலை நீட்டி மடக்கிக்கொள்ளலாம். இருபதுக்கும் இருபத்தைந்துக்கும் இடையில் பேச்சு நின்று, மனம் சோரும். அந்த நேரத்தில் எதையாவது உண்டு, உப்பு நீர் குடித்து, அடுத்த நிறுத்தம் வரை மட்டும் எண்ணி நடப்பது பயனளிக்கும். முழங்காலோ கணுக்காலோ நொண்டும் அளவுக்கு வலித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். நன்கொடை கொடுத்தவர் யாரும் அதைக் குறையாக எண்ணப்போவதில்லை.

முடித்தவுடன் உட்கார்ந்துவிடாமல் பத்து நிமிடம் மெதுவாக உலாவி, பிறகு காலைச் சற்று உயர்த்தி வைத்துப் படுக்கலாம். கொப்புளம் உள்ள காலில் வெந்நீர் ஒத்தடமோ எண்ணெய்த் தேய்ப்போ வேண்டாம். மறுநாள் வீட்டுக்குள்ளேயே சிறிது நடந்தால் இறுக்கம் குறையும். சிறுநீர் காப்பி நிறத்தில் போனாலோ, வீக்கம் இரண்டு நாட்களில் வடியாவிட்டாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அந்த வாரத்துக்குள் நன்கொடை தந்த ஒவ்வொருவருக்கும் நீங்கள் நடந்த தூரம், சேர்ந்த மொத்தத் தொகை, அது அறக்கட்டளைக்குச் சென்ற நாள் ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள். முழுத் தூரத்தையும் முடிக்கவில்லையென்றால் எத்தனை கிலோமீட்டர் என்பதை உள்ளபடியே குறிப்பிடுங்கள். வரிச் சலுகைக்கான சான்றிதழ் அறக்கட்டளையிலிருந்து நிதியாண்டு முடிந்த பின்புதான் வரும் என்பதால், கேட்டவர்களின் பெயர்களைத் தனியாகக் குறித்து வைத்திருந்து, அது கிடைத்ததும் அவர்களிடம் சேர்த்துவிடுங்கள்.